இரண்டாவதாக வரும் வலி

இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவரின் கால் சுண்டுவிரல் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறது. அடுத்து நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். முதலில் இடித்தது தெரிகிறது. கூடவே சுரீர் என்று ஒரு குத்தல். கால் தானாக மேலே வந்துவிடுகிறது. பிறகு ஒரு சின்ன அமைதி. ‘ஐயோ, இனிமேல்தான் இருக்கிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் இடைவெளி அது. காத்திருப்பு வீண்போவதே இல்லை. எரிச்சலும் கடுப்புமாக, விண்விண் என்று தெறித்தபடி அசல் வலி வந்து சேர்கிறது. வந்தது லேசில் போவதும் இல்லை.

அடி விழுந்தது ஒருமுறைதான். வலி மட்டும் ஏன் இரண்டு தவணையாக வருகிறது?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சூடான தோசைக்கல்லில் கைவிரல் பட்டுவிட்டால் இந்த இடைவெளி சற்றுக் குறைவு. சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டால் இடைவெளி இருப்பதே தெரியாது. அடிபட்ட இடம் தலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு இரண்டாம் வலி தாமதமாகிறது. அப்படியானால் ஏதோ ஒன்று விரலில் புறப்பட்டு மேலே வந்துகொண்டிருக்கிறது. அது வரும் வேகம், ஒரு மனிதர் சாவகாசமாக நடக்கும் வேகத்தைவிட அதிகமில்லை.

குரு கைவிட்ட கணக்கு

உடம்புக்குள் செய்தி பரவ நேரம் பிடிக்கும் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. விரலை ஆட்ட நினைத்தால் விரல் ஆடுகிறது. நினைப்புக்கும் அசைவுக்கும் நடுவே தாமதம் எங்கே இருக்கிறது? 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மனியின் தலைசிறந்த உடலியல் அறிஞராக இருந்த யோஹானஸ் முல்லர், நரம்புச் செய்தியின் வேகத்தை மனிதரால் ஒருநாளும் அளக்க முடியாமல் போகலாம் என்று எழுதிவைத்தார். ஒளியின் வேகத்தை அளக்க வானத்தில் கோடிக்கணக்கான மைல் தூரம் இருக்கிறது. உடம்புக்குள் அப்படி என்ன தூரம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அவரிடம் படித்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கோனிக்ஸ்பெர்க் நகரில் 1849ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு தவளையின் கால் தசையை, அதற்குச் செல்லும் நரம்போடு சேர்த்துப் பிரித்தெடுத்தார். தசைக்கு அருகே நரம்பை மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். பிறகு அதே நரம்பைச் சில சென்டிமீட்டர் தள்ளித் தூண்டினார். இரண்டாவது முறை தசை கொஞ்சம் தாமதமாகச் சுருங்கியது. தாமதம் விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அளவுகளைக் குறித்துக்கொள்ள மனைவி ஓல்கா பக்கத்தில் இருந்தார்.

இந்தச் சோதனையின் அழகு கழித்தலில் இருக்கிறது. தசை சுருங்கத் தொடங்க அதற்கென்று ஒரு நேரம் பிடிக்கும். அது இரண்டு முறையும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் தசையின் நேரம் அடிபட்டுப்போய், அந்தச் சில சென்டிமீட்டர் நரம்பைக் கடந்த நேரம் மட்டும் மிஞ்சும். விடை: விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நெடுஞ்சாலையில் ஓடும் ஒரு காரின் வேகம்.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் அப்பாவுக்கே இதை நம்பக் கஷ்டமாக இருந்தது. மகனோ அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். ஒரு பெரிய திமிங்கலத்தின் வாலில் ஈட்டி பாய்ந்தால் சேதி மூளைக்குப் போய்ச்சேர ஒரு விநாடி ஆகும், வாலை ஆட்டச் சொல்லும் கட்டளை திரும்பி வர இன்னொரு விநாடி ஆகும் என்று அவர் சொற்பொழிவில் சொன்னார்.

மின்சாரம்தான், ஆனால் கம்பி இல்லை

நரம்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. இத்தாலியின் போலோன்யாவில் லூயிஜி கால்வானி செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துள்ள வைத்து, 1791இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டிருந்தார். செம்புக் கம்பியில் மின்குறிப்பு ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடும். நரம்பிலும் ஓடுவது மின்சாரம் என்றால், அது ஏன் பல லட்சம் மடங்கு மெதுவாகப் போகிறது?

நரம்பு மிக மோசமான கம்பி என்பதுதான் காரணம். நரம்பு என்று வெளியே தெரிவது ஒற்றைப் பொருள் அல்ல. அது ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பு செல்லின் நீட்சி. பாடநூல்களில் இதற்கு ஆக்ஸான் என்று பெயர், இங்கே நரம்பிழை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே இருப்பது உப்பு கலந்த கூழ், வெளியே இருப்பது உப்புத் தண்ணீர், நடுவே ஓட்டை உடைசலாக ஒரு மெல்லிய சவ்வு. இப்படிப்பட்ட இழையின் ஒரு முனையில் சிறிய மின்தூண்டல் கொடுத்தால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போவதற்குள் அது கசிந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். கால் விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கோ ஒரு மீட்டர் தூரம்.

ஆகவே உடம்பு குறிப்பை அனுப்புவதில்லை. வழிநெடுக அதைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே போகிறது.

தீபாவளிக்குக் கொளுத்தும் சரவெடி இதற்குப் பொருத்தமான உவமை. முதல் வெடியின் சத்தம் சரத்தின் மறுகோடிக்குப் பயணம் போவதில்லை. அது பக்கத்து வெடியைப் பற்றவைக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வெடி தன்னிடம் இருக்கும் மருந்தால் வெடிக்கிறது. ஆயிரம் வெடி தாண்டினாலும் கடைசி வெடியின் சத்தம் முதல் வெடிக்குக் குறைவாக இருக்காது. தீக்குச்சியால் கொளுத்தினாலும் தீப்பந்தத்தால் கொளுத்தினாலும் சத்தத்தில் வித்தியாசம் இல்லை. நரம்பிழையும் இப்படித்தான். ஒரே வேறுபாடு, வெடித்த இடம் அடுத்த சில மில்லி விநாடிகளுக்குள் மறுபடி மருந்து நிரம்பித் தயாராகிவிடும்.

மருந்து: சோடியமும் பொட்டாசியமும்

இந்த மருந்து வேறெதுவும் இல்லை, உப்புதான். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எலக்ட்ரோலைட்ஸ் என்ற தலைப்பின் கீழ் சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் சோடியம் அதிகம், பொட்டாசியம் சொற்பம். செல்லுக்குள் போய்ப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அங்கே பொட்டாசியம் 140க்குப் பக்கத்தில், சோடியம் 15க்குள். இரண்டும் மின்னேற்றம் கொண்ட துகள்களாக, அதாவது அயனிகளாக, நீரில் கரைந்திருக்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக அமையாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ இதை 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார், நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து வந்தது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது என்றால், அதில் பெரும்பகுதி இந்த இறைப்பு வேலைக்குத்தான்.

இந்த உழைப்பின் பலனாக, சும்மா இருக்கும்போது இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. பென்சில் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்துக்குள் இந்த 70 மில்லிவோல்ட் நெருக்கப்பட்டிருப்பதால், அங்கே நிலவும் மின்புலம் காற்றைக் கிழித்துப் பொறி பாயத் தேவையானதைவிட வலுவானது.

சவ்வில் சோடியம் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. சாதாரணமாக அவை மூடியிருக்கும். மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டி மாறினால் திறந்துகொள்ளும். திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது. எதிர்மின்னழுத்தத்தில் இருந்த உட்புறம் நொடிப்பொழுதில் நேர்மின்னழுத்தத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலே பக்கத்து வாயில்களைத் திறக்கப் போதுமானது. ஒரு மில்லி விநாடிக்குள் சோடியம் வாயில் அடைபட்டு, பொட்டாசியம் வாயில் திறந்து, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இதற்கு நரம்புத் துடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இப்போதுதான் மூடிய வாயில் சற்று நேரம் திறக்க மறுக்கும் என்பதால் துடிப்பு வந்த வழியே திரும்பிப் போக முடியாது. முன்னே மட்டும்தான் போகும்.

இதையெல்லாம் மனித நரம்பில் கண்டுபிடிக்கவில்லை. நம் இழைகள் அதற்கு மிகவும் மெல்லியவை. 1930களில் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேயர், ஊசிக்கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த ராட்சத நரம்பிழை இருப்பதைக் காட்டினார். ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்வதற்காகக் கணவாய் வைத்திருக்கும் இழை அது. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939 கோடையில் அதற்குள் ஒரு மெல்லிய மின்முனையைச் செருகித் துடிப்பை உள்ளிருந்தே அளந்தார்கள். சில வாரங்களில் போர் மூண்டது. வேலையைத் தொடரப் பல ஆண்டுகள் ஆயின.

1952இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பின்னால் ஒரு சுவையான உழைப்பு உண்டு. சோடியமும் பொட்டாசியமும் எப்போது எவ்வளவு பாய்கின்றன என்று அளந்தாயிற்று. அந்த அளவுகளை மட்டும் வைத்து ஒரு துடிப்பைக் காகிதத்தில் உருவாக்க முடியுமா? கேம்பிரிட்ஜின் கணினியை அப்போது மாற்றியமைத்துக்கொண்டிருந்ததால் அது கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் சுற்றினார். கணக்கில் வந்த வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர். கணவாயின் நரம்பில் அளந்த வேகம் 21.2. இவ்வளவு நெருக்கமான பொருத்தம் உயிரியலில் அபூர்வம்.

இன்னும் துணிச்சலான சோதனை 1961இல் நடந்தது. ஹாட்ஜ்கினும் கூட்டாளிகளும் கணவாய் இழையின் மேல் ஒரு சிறிய உருளையை உருட்டி, உள்ளிருந்த கூழைப் பற்பசைபோலப் பிதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். இழை துடித்துக்கொண்டுதான் இருந்தது. சவ்வும் இரு புறமும் உப்பும் இருந்தால் போதும்.

மெதுவாகச் சொல், உரக்கச் சொல்

எல்லாத் துடிப்பும் ஒரே உயரம் என்றால், லேசாக இடித்ததும் பலமாக இடித்ததும் மூளைக்கு எப்படித் தெரியும்? கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன் 1920களில் ஒற்றை நரம்பிழையிலிருந்து துடிப்புகளைப் பதிவுசெய்து விடை சொன்னார். தூண்டல் பலமானால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது.

ஏட்ரியன் துடிப்புகளை ஒலிபெருக்கியில் இணைத்துக் காதால் கேட்பார். ஒருமுறை இருட்டறையில் ஒரு தேரையின் கண் நரம்பில் மின்முனைகளை வைத்திருந்தபோது, காரணமே இல்லாமல் ஒலிபெருக்கி கரகரத்தது. சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் அறையில் நடக்கும்போதெல்லாம் சத்தம் வந்தது. தேரையின் கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேகத்தின் விலை

இனி முதல் கேள்விக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். எல்லா இழையிலும் துடிப்பு ஒன்றுதான் என்றால் ஒன்று ஏன் பாய்கிறது, ஒன்று ஏன் நடக்கிறது?

வேகத்தைக் கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, இழையைத் தடிமனாக்குவது. தடித்த இழையில் மின்தூண்டல் கசிந்து மறைவதற்குள் அதிகத் தூரம் எட்டும், தொலைவில் உள்ள வாயில்களையும் சீக்கிரம் திறக்கும். கணவாய் செய்தது இதைத்தான். முதுகெலும்புள்ள விலங்குகள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டன. இழையைச் சுற்றிக் கொழுப்பு நிறைந்த சவ்வு பல அடுக்காகச் சுருட்டப்பட்டிருக்கும். இது மயலின் உறை. உறை இருக்கும் இடத்தில் மின்தூண்டல் கசியாது. ஏறத்தாழ மில்லிமீட்டருக்கு ஓர் இடத்தில் மட்டும் உறை விட்டுப்போயிருக்கும். அந்த இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் அளவுதான். 1870களில் இவற்றை விவரித்த பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இவை ரான்வியர் கணுக்கள் எனப்படுகின்றன. சோடியம் வாயில்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. துடிப்பு ஒவ்வொரு மைக்ரானிலும் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை, கணுவுக்குக் கணு தாவினால் போதும்.

எவ்வளவு லாபம் என்று பார்க்கலாம். கணவாயின் உறையில்லாத இழை 500 மைக்ரான் தடிமனில் எட்டும் வேகத்தைத் தவளையின் உறையிட்ட இழை 12 மைக்ரானிலேயே எட்டிவிடுகிறது. உறை இல்லாமல் மனித உடம்பு இதே வேகத்தைப் பெற வேண்டுமென்றால், கால் நரம்பு காலைவிடத் தடிமனாக இருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் உறை எல்லா இழைக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் எர்லாங்கரும் ஹெர்பர்ட் கேசரும் 1920களில் ஒரு நரம்பின் முனையைத் தூண்டி மறுமுனையில் பார்த்தபோது, ஒரு அலை அல்ல, அடுத்தடுத்துப் பல அலைகள் வந்தன. ஒன்றாகப் புறப்பட்டவை வேகத்துக்கேற்பப் பிரிந்து வந்து சேர்ந்தன. தொடுகையைச் சுமப்பவை தடித்த, உறையிட்ட இழைகள். விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை அவற்றின் வேகம். கூர்மையான வலியைச் சுமப்பவை மெல்லிய உறை போட்டவை, 5 முதல் 30 மீட்டர். மந்தமான எரிச்சல் வலியைச் சுமப்பவை ஒரு மைக்ரான் அளவே உள்ள, உறையே இல்லாத இழைகள். விநாடிக்கு அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர்வரைதான் போகும். தோலுக்குச் செல்லும் நரம்புகளில் எண்ணிக்கையில் அதிகம் இவைதான்.

சுண்டுவிரலிலிருந்து தலை வரை

இப்போது கணக்கைப் போட்டுவிடலாம். இடித்துக்கொண்டவரின் உயரம் 160 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்வோம். சுண்டுவிரலிலிருந்து முதுகுத்தண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கிருந்து மூளைக்கு இன்னொரு 60 சென்டிமீட்டர்.

தொடுகை: விநாடிக்கு 50 மீட்டர் என்றால் 1.6 மீட்டரைக் கடக்க 32 மில்லி விநாடி. இந்த இழை முதுகுத்தண்டில் நிற்காமல் நேரே கழுத்துக்கு மேல்வரை போகிறது. கால் விரலில் தொடங்கி மண்டையோட்டின் அடிவாரம்வரை ஒரே செல். உடம்பின் மிக நீளமான செல்களில் இதுவும் ஒன்று.

கூர்வலி: விநாடிக்கு 15 மீட்டர் என்றால் முதுகுத்தண்டை அடைய 67 மில்லி விநாடி. அங்கே இந்த இழை முடிந்து, வேறொரு செல் செய்தியை வாங்கிக்கொண்டு மேலே போகிறது. மூளைக்குச் சேரும்போது பத்தில் ஒரு விநாடி ஆகியிருக்கும்.

இதற்குள் முதுகுத்தண்டு சும்மா இருக்கவில்லை. மூளையிடம் கேட்காமலே கால் தசைகளுக்குக் கட்டளை போய்விட்டது. அந்தக் கட்டளை தடித்த இழையில் போவதால் திரும்பி வர 20 மில்லி விநாடி போதும். சேதி மூளையை எட்டுவதற்கும் கால் மேலே எழத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. அதை வலியாக உணர மூளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால்தான் காலை யாரோ தூக்கிவிட்டதுபோல் இருக்கிறது. ஒரு காலைத் தூக்கும் அதே நொடியில் மற்றக் கால் விறைத்து உடல் பாரத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் முதுகுத்தண்டில் உண்டு. இல்லையென்றால் சுண்டுவிரல் இடித்தவரெல்லாம் கீழே விழ வேண்டியிருக்கும்.

மந்த வலி: விநாடிக்கு ஒரு மீட்டர். முதுகுத்தண்டை எட்டவே முழுதாக ஒரு விநாடி. அந்தச் ‘சின்ன அமைதி’ இதுதான். கூர்வலி வந்து போய், இடித்துக்கொண்டவர் கட்டிலைத் திட்டத் தொடங்கும்போதுகூட இந்தச் சேதி முட்டியைத் தாண்டிக்கொண்டிருக்கும். நாக்கிலிருந்து மூளைக்கு இருக்கும் தூரம் அற்பம் என்பதால் அங்கே இரண்டு வலியும் ஒன்றாகவே வந்ததுபோல் தெரிகிறது.

அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கும் இதே இழைகள்தான் விடை. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். தொடுகையைச் சுமக்கும் தடித்த இழைகள் முதுகுத்தண்டுக்குள் வலிச் செய்தியை அமுக்கும் செல்களையும் தட்டி எழுப்புகின்றன என்பது அது. அவர்கள் வரைந்த சுற்றுப்படத்தில் பின்னாளில் திருத்தங்கள் வந்தன. தேய்த்தால் வலி அடங்குவதன் விளக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒன்றை மட்டும் அடக்கினால்

இரண்டு வலி, இரண்டு வகை இழை என்பது வெறும் கணக்கு அல்ல என்பதை எப்படி உறுதிசெய்வது? ஒரு வகையை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு இயற்கையே வசதி செய்திருக்கிறது.

நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். அழுத்தத்துக்கு முதலில் பலியாவது தடித்த, உறையிட்ட இழைகள். மெல்லியவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிவைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரு கட்டத்தில் தொடுகை போய்விடும், சுரீர் என்ற குத்தலும் போய்விடும். ஊசியால் குத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. சற்றுத் தாமதித்து எரிச்சல் மட்டும் தனியாக வந்து சேரும்.

பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி இதற்கு நேர்மாறு. அதில் உள்ள லிக்னோகெயின் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து. மெல்லிய வலியிழைகள் முதலில் அடங்குகின்றன, தடித்த தொடுகை இழைகள் கடைசியில். பல்லைப் பிடுங்கும்போது வலி இல்லாமல், இழுக்கிற அழுத்தம் மட்டும் தெரிவது இதனால்தான். பேத்தை மீன்களின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சும் அடைப்பது இதே வாயிலைத்தான். அது உடம்பு முழுக்கப் பரவி மூச்சுத் தசைகளுக்குப் போகும் நரம்பையும் நிறுத்திவிடுவதால் ஆளைக் கொல்கிறது.

வலி தெரியாத பிள்ளைகள்

வலியிழையின் சோடியம் வாயில் மட்டும் பிறவியிலேயே கெட்டுப்போனால்? வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், நெருப்புத் துண்டுகளின் மேல் நடப்பான். ஆய்வாளர்கள் அவனைத் தேடிப் போவதற்குள், பதினான்கு வயது நிரம்பும் முன்பே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் வலியே அறியாத ஆறு பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஒரு குறிப்பிட்ட சோடியம் வாயிலை உருவாக்கும் மரபணு பழுதாகியிருந்தது தெரிந்தது. இது 2006இல் வெளியானது. தொடுகை, சூடு, குளிர்ச்சி எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வலி மட்டும் இல்லை. உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள்.

வலி இல்லாத உடம்புக்கு என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் வெகு முன்பே ஒருவர் புரிந்துகொண்டிருந்தார். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அப்போது நம்பினார்கள். தொழுநோய்க் கிருமி தங்குவது நரம்பிழைக்கு உறை தரும் செல்களில். கெடுவது உணர்வு. சூடான பாத்திரத்தைப் பிடித்ததும் தெரியாது, செருப்புக் கடித்ததும் தெரியாது. தெரியாத காயம் ஆறாமல் பெருகி விரலைத் தின்கிறது என்பதை அவர் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து நிறுவினார். இரவில் தூங்கும்போது எலி கடித்தது தெரியாமல் விரல் இழந்தவர்கள்கூட இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளிடம் பூனை வளர்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

பின்னாளில் அமெரிக்கா சென்ற பிராண்ட், செயற்கை வலி ஒன்றைச் செய்துபார்த்தார். கையுறையில் அழுத்தமானிகள், அளவு மீறினால் ஒலி எழுப்பும் கருவி. நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்வு மிஞ்சியிருந்த இடத்தில் மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். ஏதாவது வேலை முடிய வேண்டியிருந்தால் அவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். உறையில்லாத மெல்லிய இழைகள் கொண்டுவரும் அந்த இரண்டாம் வலிக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. தப்பிக்கச் சொல்வது முதல் வலியின் வேலை. அடிபட்ட காலை ஊன்றவிடாமல் நாலு நாள் ஓய்வில் வைப்பது இரண்டாவதன் வேலை. அந்த வேலைக்கு ஒரு விநாடி தாமதம் ஒரு பொருட்டில்லை. உடம்பு அங்கே உறைக்குச் செலவு செய்யாததில் ஒரு சிக்கனம் தெரிகிறது.

நீளத்தின் தொல்லை

இன்று உணர்வு இழந்த பாதங்கள் அதிகம் வருவது சர்க்கரை நோய் மருத்துவமனைகளுக்கு. செருப்பு கழன்று வழியில் விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு வந்து சேர்கிறவர்கள் உண்டு. மருத்துவர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துவார். 10 கிராம் விசையில் வளைந்துவிடும்படி செய்யப்பட்ட இழை அது. பட்டது தெரிந்தால் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். அடுத்து, அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்வார்.

சர்க்கரை உடம்பு முழுக்கத்தான் ஓடுகிறது. உணர்வு ஏன் கால் விரலில் முதலில் போகிறது? விரலை எட்டும் நரம்பிழைக்கு உயிர் கொடுக்கும் செல்லின் உடல் முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இழைக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் அங்கேதான் தயாராகின்றன. இழைக்குள் சரக்குப் போக்குவரத்து இருக்கிறது என்றாலும், அதன் வேகமான வண்டியே நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டரைத் தாண்டாது. இழையின் சட்டகத்துக்கான புரதங்கள் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நகரும். துடிப்பு ஐம்பதில் ஒரு விநாடியில் கடக்கும் அதே ஒரு மீட்டரை ஒரு புரதம் கடக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். செல்லின் ஆரோக்கியம் கொஞ்சம் குன்றினாலும் கடைக்கோடிக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வருகிறது.

நரம்பு மருத்துவர்கள் இதை நோயாளியின் உடம்பிலேயே அளந்து பார்த்துவிட முடியும். கால் விரலில் தொடங்கிய மரத்துப்போதல் மெல்ல மேலேறி முட்டியை நெருங்கும் சமயத்தில், கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்குகின்றன. டேப்பை எடுத்து அளந்தால், முதுகெலும்பிலிருந்து முட்டிக்கு உள்ள தூரமும் கைவிரல் நுனிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.